சிறுநீரகத்தின் கடைசி ஐந்து விழுக்காடு: உப்பும் நீரும் மரபணுவும்

இரத்த அழுத்தம் குடும்பவழி வரக்கூடியது என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது, அதனால் தனக்கும் வந்துவிட்டது என்று சொல்லி மாத்திரையை விழுங்குகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் அப்படி வழிவழியாக வருவது எது, அது உடலில் எங்கே இருந்து வேலை செய்கிறது என்ற கேள்விக்கு 1990கள் வரை மருத்துவத்திடமே தெளிவான விடை இருக்கவில்லை. இதயம், இரத்தக்குழாயின் சுவர், நரம்பு மண்டலம், மன உளைச்சல் என்று பல திசைகளில் தேடல் நடந்தது. ஒரே ஒரு மரபணு பழுதானதால் இரத்த அழுத்தம் கடுமையாக ஏறிய குடும்பங்களையும், கடுமையாக இறங்கிய குடும்பங்களையும் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோதுதான் விடை கிடைத்தது. ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, தடயங்கள் எல்லாமே சிறுநீரகம் உப்பை மீட்டெடுக்கும் இடத்தில் போய் முடிந்தன.

சிறுநீரகத்தின் அன்றாட வேலையின் அளவைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். வளர்ந்த ஒருவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்தத் திரவத்தோடு நுண்குழல்களுக்குள் இறங்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். நாம் நாளொன்றுக்கு உண்பதோ எட்டு, பத்து கிராம் உப்பு. ஆக, வடிகட்டிய உப்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்ப இரத்தத்துக்கே வந்து சேர வேண்டும். எஞ்சிய ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்குதான் சிறுநீரில் போகிறது. இந்த மீட்பு நான்கு கட்டங்களில் நடக்கிறது. நுண்குழலின் தொடக்கப் பகுதி மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. கொண்டை ஊசிபோல் வளைந்து மேலேறும் அடுத்த பகுதி கால் பங்கை மீட்கிறது. அதற்கடுத்த சுருள் பகுதி ஐந்து முதல் எட்டு விழுக்காடு. கடைசியாகச் சேகரிப்புக் குழல் இரண்டு முதல் ஐந்து விழுக்காடு. பெரும்பகுதி முன்னாலேயே முடிந்துவிடுவதால் கடைசிக் கட்டம் அற்பமானது என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. முன்பகுதியில் ஏற்படும் பிழையைப் பின்பகுதிகள் ஓரளவு சரிக்கட்டிவிடும். கடைசிப் பகுதியில் நேரும் பிழையைத் திருத்த அதற்குப் பின் யாருமில்லை. உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் அல்டோஸ்டிரோன் என்னும் அட்ரினல் சுரப்பி ஹார்மோன் தன் அதிகாரத்தைச் செலுத்துவதும் இந்தக் கடைசி எல்லையில்தான். ஒன்றரைக் கிலோவில் ஒரு விழுக்காடு என்பது 15 கிராம், அதாவது நாம் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பைவிட அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே நேரும் சிறு பிசகும் ஏன் பெரிதாகிறது என்பது தெரியும்.

இந்தக் கடைசி எல்லையை முதலில் காட்டிக்கொடுத்தது அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கிராண்ட் லிடில் என்ற மருத்துவர் ஆராய்ந்த ஒரு குடும்பம். 1963இல் அவர் குழுவினர் வெளியிட்ட அறிக்கையில் பதின்பருவப் பெண் ஒருத்திக்குக் கடுமையான இரத்த அழுத்தமும், இரத்தத்தில் மிகக் குறைந்த பொட்டாசியமும் இருந்தன. அல்டோஸ்டிரோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் வரும் அடையாளங்கள் இவை. ஆனால் அவள் உடலில் அந்த ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. சிறுநீரக நுண்குழலில் சோடியம் நுழையும் வாயிலையே நேரடியாக அடைக்கும் டிரையம்ட்ரீன் மருந்தைக் கொடுத்து, உப்பையும் குறைத்தபோது அழுத்தம் இறங்கியது. ஹார்மோனின் கட்டளை வராமலே நுண்குழல் தானாக உப்பை இழுத்துக்கொள்கிறது என்று லிடில் ஊகித்தார். அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து, 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அத்துடன் அவரது இரத்த அழுத்தம் சீராகிவிட்டது. இதயம் அதேதான், இரத்தக்குழாய்கள் அதேதான். மாறியது சிறுநீரகம் மட்டுமே. இதைவிடத் தெளிவான சான்றை யாரும் திட்டமிட்டு உருவாக்கியிருக்க முடியாது.

1994இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு அந்தக் குடும்பத்தின் மரபணுப் பிழையைக் கண்டறிந்தது. சேகரிப்புக் குழலின் செல்களில் சோடியம் நுழையும் வாயில் மூன்று புரத உறுப்புகளால் ஆனது. அவற்றில் ஒன்றின் வால்பகுதி, மரபணுவில் இடைநடுவே விழுந்த ஒரு நிறுத்தக் குறியால் வெட்டுப்பட்டிருந்தது. வாலில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பயன்படுத்தி முடித்த வாயில்களைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து அகற்றி உள்ளே அழிப்பதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. அது பிடித்துக்கொள்வது அந்த வாலைத்தான். வால் இல்லையென்றால் பிடிக்க இடமில்லை. வாயில்கள் அகற்றப்படாமல் மேற்பரப்பில் குவிகின்றன. அத்தனையும் உப்பை உள்ளே விடுகின்றன. உப்போடு நீரும் தங்குகிறது. இரத்தத்தின் கொள்ளளவு கூடி அழுத்தம் ஏறுகிறது. இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், நோய் வந்துவிடும்; ஆகவே பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு.

அதே வாயில் முற்றாக வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இயற்கை காட்டியிருக்கிறது. இரு பிரதிகளும் பழுதான குழந்தைகள் பிறந்த சில நாள்களிலேயே உப்பை இழந்து, உடல் வற்றி, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உயிர்காக்கும் மருந்து, பெருமளவில் கொடுக்கப்படும் உப்பேதான். ஒரே புரதம், கூடினால் இளவயதில் இரத்தக் கொதிப்பு, இல்லாமற்போனால் தொட்டில் பருவத்தில் உயிராபத்து.

வாயில் நன்றாக இருந்தும், அதற்குக் கட்டளையிடும் ஹார்மோன் தவறான எசமானிடம் சிக்கிக்கொள்வதும் உண்டு. அட்ரினல் சுரப்பியில் கார்டிசோலையும் அல்டோஸ்டிரோனையும் ஆக்கும் இரு மரபணுக்கள் எட்டாம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பவை. விந்தும் முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். அப்போது இந்த ஒற்றுமையால் இடம் மாறிப் பொருந்தி, பிட்யூட்டரிக்குக் கட்டுப்பட்ட கார்டிசோல் மரபணுவின் தலையும் அல்டோஸ்டிரோன் மரபணுவின் உடலும் ஒட்டிய கலப்பு மரபணு சில குடும்பங்களில் பிறந்துவிட்டது. 1992இல் இதையும் லிஃப்டன் குழுவே கண்டறிந்தது. இந்தக் குடும்பங்களில் பிட்யூட்டரி சுரப்பியின் ஆணைக்கேற்ப நாள்தோறும் அல்டோஸ்டிரோன் சுரக்கிறது. உடலில் உப்பு போதுமா, மிகையா என்பது அந்த ஆணைக்குத் தெரியாது. இளவயதிலேயே மூளையில் இரத்தக்கசிவு வந்தவர்கள் இக்குடும்பங்களில் மிகுதி. பிட்யூட்டரியை அமைதிப்படுத்தும் சிறிய அளவு டெக்ஸாமெதாசோன் கொடுத்தால் போதும், சுரப்பு அடங்கிவிடுகிறது.

இன்னொரு வகைக் கோளாறு நம் நாட்டு மருந்துக் கடைவரை வருகிறது. அல்டோஸ்டிரோன் வந்து பொருந்தி வேலை செய்யும் புரதமான ஏற்பி, கார்டிசோலையும் அதே பற்றுடன் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. கார்டிசோலோ இரத்தத்தில் பல நூறு மடங்கு அதிகம். ஆயினும் கார்டிசோல் அந்த ஏற்பியை ஆக்கிரமிக்காமல் இருப்பதற்குக் காரணம், நுண்குழல் செல்லுக்குள் நுழையும் கார்டிசோலை உடனுக்குடன் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும் ஒரு நொதி. அந்த நொதிக்குரிய மரபணு இரு பிரதியிலும் பழுதான குழந்தைகளுக்கு எடை குறைந்த பிறப்பு, கடும் இரத்த அழுத்தம், பொட்டாசியக் குறைவு எல்லாம் சேர்ந்து வருகின்றன. மரபணுவில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் இதே நிலையை வரவழைக்க ஒரு வேர் போதும்: அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணமான பொருளிலிருந்து உடலில் உண்டாகும் அமிலம் இதே நொதியை முடக்குகிறது. தொண்டைக்கட்டுக்கு எப்போதாவது ஒரு துண்டை மெல்லுவதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் வாரக்கணக்கில் பொடியாகவோ கஷாயமாகவோ எடுத்துக்கொள்கிறவருக்கு அழுத்தம் ஏறி, கைகால் சோர்ந்தால், சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கு முன் அஞ்சறைப்பெட்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்வதே இல்லை என்பது என் கணிப்பு. மூலிகையை மருந்துப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

உப்பை இழக்கும் பக்கத்துக்கு வருவோம். மேலேறும் பகுதியின் உப்பு மீட்புப் புரதங்கள் பழுதானால் பார்ட்டர் நோய். சுருள் பகுதியில் பழுதானால் 1966இல் ஹில்லல் கிடெல்மன் விவரித்த கிடெல்மன் நோய். முன்னது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே கடுமையாகத் தெரியும். பின்னது பதின்பருவத்திலோ அதற்குப் பின்னோ, சில வேளைகளில் வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் தற்செயலாக வெளிப்படும்: பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவு, இரத்த அழுத்தமும் தாழ்வு, அடிக்கடி தசைப்பிடிப்பு, விரல்களில் மதமதப்பு. இவர்கள் ஊறுகாயையும் அப்பளத்தையும் தேடித்தேடி உண்பார்கள்; சோற்றுக்கு மேலும் உப்பு போட்டுக்கொள்வார்கள். வீட்டார் அதைக் கெட்ட பழக்கம் என்று கண்டிப்பார்கள். உண்மையில் உடல் இழப்பதை நாக்கு கேட்கிறது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் 'உப்பைக் குறை' என்ற அறிவுரை இவர்களுக்குத் தீங்கு. இந்த நோய்கள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில் இவற்றுக்கான வாய்ப்பு கூடுதல் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிடெல்மன் நோயின் கண்ணாடிப் பிம்பமாகக் கார்டன் நோய் என்று ஒன்று உண்டு. அதில் அதே சுருள் பகுதிப் புரதம் ஓயாமல் வேலை செய்கிறது, அழுத்தமும் பொட்டாசியமும் சேர்ந்தே ஏறுகின்றன. அப்புரதத்தை முடக்கும் தயசைடு மாத்திரை இரண்டையும் சேர்த்தே இறக்கிவிடுகிறது. சிறுநீர் பெருக்கும் மருந்துகள் எவை எவ்விடத்தில் வேலை செய்கின்றன என்ற பட்டியலும், இந்த அரிய நோய்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. தயசைடு உண்பவர் ஒரு வகையில் தற்காலிகக் கிடெல்மன் நோயாளி; ஃப்யூரோசமைடு உண்பவர் தற்காலிகப் பார்ட்டர் நோயாளி.

அரிய நோய்களால் பொதுமக்களுக்கு என்ன என்ற கேள்விக்கு 2008இல் வந்த ஓர் ஆய்வு அழகான பதிலைத் தந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் தலைமுறைகளாகத் தொடரும் இதய ஆய்வில் இடம்பெற்ற 3,125 பேரிடம், பார்ட்டர், கிடெல்மன் நோய்களுக்குக் காரணமான மூன்று மரபணுக்களைப் படித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 64 பேருக்கு ஒருவரிடம் ஒற்றைப் பிரதியில் செயலைக் குறைக்கும் பிறழ்வு இருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர். தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களின் இரத்த அழுத்தம் மற்றவர்களைவிடச் சராசரியாக 6 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தது, 60 வயதுக்குள் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பும் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பிறப்பிலிருந்தே மிகச் சிறிய அளவில் தயசைடும் ஃப்யூரோசமைடும் எடுத்துக்கொள்வதற்கு நிகரான வாழ்வு அது.

நீரின் நிர்வாகம் உப்பின் நிர்வாகத்திலிருந்து வேறுபட்டது; இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீடுகளில் நிறைய தவறுகள் நடக்கின்றன. வயதானவர் தடுமாறிப் பேசுகிறார், பரிசோதனையில் 'சோடியம் குறைந்துவிட்டது' என்கிறார்கள். உடனே, உப்பில்லாமல் சாப்பிட்டதால்தான் இப்படி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரத்தத்தில் சோடியத்தின் செறிவு என்பது உப்பின் மொத்த அளவைக் காட்டும் எண் அல்ல. உப்புக்கும் நீருக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண். பல நேரங்களில் அங்கே நடந்திருப்பது நீர் மிகையாகத் தங்கியதுதான். உடலில் உப்பு எவ்வளவு என்பதை அல்டோஸ்டிரோனும் அதன் கூட்டாளிகளும் பார்த்துக்கொள்கின்றன. நீர் எவ்வளவு என்பதைத் தாகமும், பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வெளியாகும் வாசோபிரஸ்சின் ஹார்மோனும் பார்த்துக்கொள்கின்றன. வாசோபிரஸ்சின் சேகரிப்புக் குழல் செல்லின் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், உள்ளே காத்திருக்கும் அக்வாபோரின் என்னும் நீர்ப்பாதைகள் மேற்பரப்புக்கு வந்து பொருந்துகின்றன. நீர் திரும்ப உடலுக்குள் போகிறது, சிறுநீர் அடர்த்தியாகிறது. இந்த நீர்ப்பாதைப் புரதத்தைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

அந்த ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் தாய்மார் வழியாகப் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே நோய் வரும்: எவ்வளவு வாசோபிரஸ்சின் சுரந்தாலும் சிறுநீரகத்தின் காதில் விழாது, நாளுக்குப் பத்து லிட்டருக்கும் மேல் சிறுநீர் வெளியேறலாம், தாகம் அடங்காது. தாகத்தைச் சொல்லத் தெரியாத கைக்குழந்தையாக இருந்தால் காரணம் தெரியாத காய்ச்சலும் வாந்தியும் வற்றலுமாக நாள்கள் கழிந்து மூளை பாதிக்கப்படும்; உரிய நேரத்தில் கண்டறிந்து நீர் கொடுத்தால் அந்தப் பாதிப்பு வராது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இந்நோய் நிறைந்த ஒரு குடும்பவழியைப் பற்றிச் சாபக்கதையே உண்டு: தாகமென்று வந்த நாடோடிப் பெண்ணுக்கு நீர் மறுத்த ஒருத்தியின் ஆண்மக்கள் தலைமுறை தலைமுறையாக நீருக்கு அலைவார்கள் என்று அவள் சபித்தாளாம். 1761இல் ஹோப்வெல் என்ற கப்பலில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்து இறங்கியவர்கள் வழியாகவே வட அமெரிக்காவின் நோயாளிகள் எல்லோரும் வந்தார்கள் என்று 1969இல் இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மரபணுவைப் படிக்க முடிந்தபின் அக்கருத்து பாதி நின்றது, பாதி விழுந்தது. நோவா ஸ்கோஷியாவின் பெருங்குடும்பத்தில் ஒரே பிறழ்வு இருந்தது, அதற்கு ஹோப்வெல் பிறழ்வு என்றே பெயரும் வந்தது. ஆனால் கண்டத்தின் மற்றக் குடும்பங்களில் வெவ்வேறு பிறழ்வுகள். அவரவர் வீட்டில் தனித்தனியே தோன்றியவை அவை.

இதே ஏற்பியில் 137ஆம் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. அங்கே வழக்கமாக இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் ஏற்பி செயலிழந்து, மேலே சொன்ன தீராத நீரிழப்பு நோய் வருகிறது. அதே இடத்தில் சிஸ்டீனோ லூசினோ வந்தால் ஏற்பி ஹார்மோன் இல்லாமலே ஓயாமல் விழித்திருக்கிறது. நீர் வெளியேறாமல் தங்கி, இரத்தத்தில் சோடியச் செறிவு சரிந்து, குழந்தைக்கு வலிப்பு வருகிறது. இது 2005இல் இரு ஆண் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. முன்னவனுக்குத் தண்ணீரை அள்ளிக் கொடுக்க வேண்டும். பின்னவனுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும்.

இத்தனையும் ஒற்றை மரபணுவின் கதைகள். சாதாரணமாக ஐம்பது வயதில் இரத்த அழுத்தம் தலைகாட்டுகிறவருக்கு இந்த நோய்கள் எதுவும் இருக்காது. இரட்டையர்களையும் குடும்பங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், மக்களிடையே காணும் அழுத்த வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மரபுவழிப்பட்டது என்று மதிப்பிடுகின்றன. ஆனால் அந்தப் பங்கு ஒரு மரபணுவில் இல்லை. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் மரபணுத் தொகுப்பை அலசிய 2018 ஆய்வு 901 இடங்களைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் தரும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. அவற்றுள் பல, இரத்தக்குழாய்ச் சுவரின் செல்களோடு தொடர்புடையவை என்பதால், எல்லாமே சிறுநீரகம்தான் என்று இங்கே அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பழைய இடமே மீண்டும் தட்டுப்படுகிறது: சிறுநீரில் மிகுதியாகக் காணப்படும் யூரோமாடுலின் என்ற புரதத்தின் பொதுவான ஒரு மரபணு வடிவம், மேலேறும் பகுதியில் உப்பு மீட்பைக் கூட்டி அழுத்தத்தை உயர்த்துகிறது.

உப்புக்கு உடல் காட்டும் எதிர்வினையும் மரபு சார்ந்தது என்பதை நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் 1960களில் எலிகளைக் கொண்டே நிறுவினார். உப்புணவு கொடுத்து, அழுத்தம் ஏறியவற்றைத் தமக்குள்ளும், ஏறாதவற்றைத் தமக்குள்ளும் சில தலைமுறைகள் இனப்பெருக்கம் செய்ய வைத்தபோது இரு தனி வகைகள் பிரிந்தன. சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தியபோது அழுத்தம் பெரும்பாலும் சிறுநீரகத்தோடு சேர்ந்தே இடம் மாறியது. மனிதர்களிலும் இப்படி உப்புக்கு எளிதில் ஆட்படுவோரும் ஆட்படாதோரும் உண்டு. ஆனால் எலிகளைப் போல இரண்டே வகையல்ல. இடைப்பட்ட நிலைகள் ஏராளம். அதை உறுதியாக அறிய வேண்டுமானால் ஒருவருக்குச் சில நாள்கள் குறைந்த உப்பும் சில நாள்கள் மிகுந்த உப்பும் கொடுத்து அழுத்தத்தை அளக்க வேண்டும். எச்சிலை எடுத்துக்கொண்டு 'உங்கள் உடல் உப்பைத் தாங்குமா' என்று சொல்லித் தருவதாக விற்கப்படும் மரபணுப் பரிசோதனைகள், ஒன்றிரண்டு மி.மீ. மாற்றத்தை மட்டும் தரும் விரல்விட்டு எண்ணத்தக்க மரபணு வடிவங்களைக் கொண்டு பெரிய முடிவுக்குத் தாவுகின்றன. அந்தப் பணத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல இரத்த அழுத்தமானி வாங்கலாம்.

மரபணுவுக்கு அளவுக்கு மீறி இடங்கொடுத்ததற்கு எச்சரிக்கையாக ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உயர் இரத்த அழுத்தம் மிகுதியாக இருப்பதற்கு, அடிமைக் கப்பல்களில் வயிற்றுப்போக்காலும் வியர்வையாலும் உப்பிழந்து பலர் மாண்டதும், உப்பைப் பிடித்துவைக்கும் மரபணு கொண்டவர்கள் பிழைத்ததுமே காரணம் என்ற கருதுகோள் 1980களில் பரவியது. கேட்பதற்குக் கச்சிதமான கதை. அடிமை வணிகத்தின் புள்ளிவிவரங்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஃபிலிப் கர்ட்டின், கப்பல் சாவுகளைப் பற்றிய ஆவணங்களும் ஆப்பிரிக்காவின் உப்பு வணிகமும் இதற்கு ஆதரவளிக்கவில்லை என்று 1992இல் காட்டினார். பின்பு ஆப்பிரிக்க வம்சாவளியினரை நாடு நாடாக ஒப்பிட்டபோது, சிகாகோவை அடுத்த மேவுட்டில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்க, நைஜீரியக் கிராமங்களில் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. கரீபியத் தீவுகள் நடுவில் நின்றன. அந்தத் தீவுகளுக்கும் அடிமைக் கப்பல்கள் போனதை நினைவில் கொண்டால் இந்த வரிசையின் பொருள் புரியும்.

எதிர்முனையில் பிரேசிலின் யானோமாமி பழங்குடியினர் இருக்கிறார்கள். 32 நாடுகளில் பத்தாயிரம் பேரை அளந்து 1988இல் முடிவுகள் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், அவர்களது சிறுநீரில் உப்பு ஏறக்குறைய இல்லை; சராசரி அழுத்தம் 95க்கு 61; அளக்கப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட உயர் இரத்த அழுத்தம் இல்லை. அவர்களிடம் உடல் பருமனும் மதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். என்றாலும், எந்த மரபணு இருந்தாலும் அது தன் வேலையைக் காட்டக் குழலுக்குள் உப்பு வர வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்கிறது. நாம் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம்.

அப்படியானால் மரபணுப் பரிசோதனை யாருக்குத்தான் தேவை? இளவயதிலேயே அழுத்தம் ஏறியவருக்கு, மூன்று மாத்திரை சேர்த்தும் அடங்காதவருக்கு, குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் பக்கவாதம் கண்டவர் உள்ளவருக்கு, அழுத்தத்தோடு பொட்டாசியமும் விலகி நிற்பவருக்கு. முதலில் செய்ய வேண்டியது மலிவான இரத்தப் பரிசோதனைகள்தான்: பொட்டாசியம், மக்னீசியம், அல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனின். அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறைந்து, அல்டோஸ்டிரோனும் தாழ்ந்திருந்தால் லிடில் நோயை நினைக்கலாம், அதிமதுரத்தைப் பற்றியும் கேட்கலாம். அழுத்தமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால், சிறுநீரகம் நன்றாக இருக்கும் பட்சத்தில், கார்டன் நோயை. அந்த வழியில் போய் மரபணுவைப் பார்க்கும்போது கிடைக்கும் விடை மருந்தையே மாற்றுகிறது: லிடில் குடும்பத்தவருக்கு ஸ்பைரனோலாக்டோன் பயனற்றது, டிரையம்ட்ரீனைப் போலவே வாயிலை அடைக்கும் அமிலோரைடு பலிக்கும், கலப்பு மரபணு கொண்டவருக்கு டெக்ஸாமெதாசோன், தீராத நீரிழப்பு நோயுள்ள சிறுவனுக்கு, சிறுநீரைப் பெருக்கும் அதே தயசைடு சிறுநீரைக் குறைக்கும். உப்பு சற்றே வெளியேறி உடலின் நீர்க்கொள்ளளவு குறையும்போது, நுண்குழலின் தொடக்கப் பகுதி விழித்துக்கொண்டு உப்பையும் நீரையும் கூடுதலாக மீட்டுவிடுகிறது. பழுதான கடைசிக் குழலுக்கு வந்து சேரும் நீரே குறைந்துவிடுகிறது.